சாவியோடு சேர்த்துக் கொடுத்தது

எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்துபோன கார்கள் எதையும் யாரும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோக் கார், டீசல், கதவு திறக்காதது, இப்போது இருப்பது கத்துறது. வியாதியை வைத்துத்தான் பெயர்.

சோக் கார்தான் முதல். செகண்ட் ஹேண்ட், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த வண்டி. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதுதான் சோக், அதை இழுத்தால் கார்புரேட்டருக்குள் காற்று போகும் வழியை ஒரு தகடு மறைக்கும், காற்று குறைந்து பெட்ரோல் கூடினால்தான் ஆறிக் கிடக்கும் எஞ்சின் பற்றும். சொல்வதற்குச் சுலபம். கொஞ்சம் குறைவாக இழுத்தால் இருமிவிட்டுப் படுத்துவிடும், கொஞ்சம் கூடிவிட்டால் பிளக் நனைந்து ஓவர்ஃப்ளோ ஆகிவிடும், அப்புறம் பெட்ரோல் வாடையை மோந்துகொண்டு, அது காய்கிற வரைக்கும் குடும்பத்தோடு வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு அந்தக் கணக்கு கடைசிவரை கையில் பிடிபடவில்லை. என் மனைவிக்குக் காதிலேயே பிடிபட்டுவிட்டது. வாசலில் நின்றபடியே, "ஏங்க, பாதி உள்ள தள்ளுங்க, போதும்" என்பாள், வண்டியும் அவள் பேச்சைக் கேட்கும்.

வெயில் காலத்தில் நோய் மாறும். ஓடிக்கொண்டே இருக்கிற வண்டி திடீரென்று செத்துவிடும். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப்பால் தள்ள முடியாது, வேப்பர் லாக் என்பார்கள். வைத்தியம், ஃப்யூவல் பம்ப்பின் மேல் ஈரத் துணி. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பற்றுப் போடுவதுபோல நடுரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மாற்றிக்கொண்டிருப்பேன். போகிறவர்கள் எல்லோரும் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தண்ணீர் மட்டும் யாரும் தர மாட்டார்கள்.

அதை விற்ற அன்றுதான் வேடிக்கை. வாங்க வந்த பையனிடம் சாவியைக் கொடுத்தாயிற்று, ஆர்.சி. புத்தகமும் கொடுத்தாயிற்று, ஆனால் உபதேசம் முடியவில்லை. சோக் எவ்வளவு இழுக்கணும், இடது கதவை எப்படித் தூக்கிச் சாத்தணும், வைப்பர் பாதியில் நின்றால் எங்கே தட்டணும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவன் பாவம், "சார், மேனுவல் ஏதாவது இருக்கா?" என்றான். உள்ளேயிருந்து என் மனைவி, "அவருதான் தம்பி மேனுவல், கூடவே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நாள் காலையில் போன் வரும். நான் எடுத்தால், "சார், அக்கா இல்லையா?" என்பான். போனை பானெட் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுவான், இவள் இருமலைக் கேட்டு மருந்து சொல்வாள்.

டீசலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சினை முதலில் சூடாக்குகிற ஹீட்டரின் விளக்கு அணைகிற வரை காத்திருந்து சாவியைத் திருப்பணும், திருப்பியபிறகு யாரும் பேச முடியாது. குடும்பத்தில் நிம்மதி நிலவிய காலம்.

கதவு திறக்காததில் டிரைவர் பக்கம் உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை இழுக்கணும். பவர் விண்டோவும் போன பிறகு கியர் ராடைத் தாண்டி அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். முக்கியமான ஆட்கள் வாசலில் நிற்கும்போது பார்த்து இந்தக் காட்சி நடக்கும்.

இப்போது இருக்கும் வண்டி, சொல்லப்போனால், நல்ல வண்டி. சோக்கும் கிடையாது, துணியும் கிடையாது, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று சென்சார் பார்த்து கம்ப்யூட்டரே கொடுத்துவிடுகிறது. ஆனால் எதற்கெடுத்தாலும் கத்தும். முன்சீட்டில் கனமான சாமான் பையை வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடு என்று உயிரை எடுக்கும். இந்த மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோவில் நில்ஸ் போலின் என்ற எஞ்சினியர் கொண்டுவந்தார், மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோ அதைத் திறந்துவிட்டது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பெல்ட். நான் அதில் பையைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் பின்சீட்டில் ஏறிய மாமியார், முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, அதை இறக்கிவிட்டுட்டுத்தான் என்னை வீட்டுல விடுவீங்களா?"