வரவுப் பாட்டு இல்லாத அரசர்கள்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022இலும் 2023இலும் வெளிவந்தபோது இரண்டையும் திரையரங்கிலேயே பார்த்துவிட்டேன். சென்ற வாரம் க.பொ.த. சாதாரண தர வகுப்பில் படிக்கும் மருமகளுக்காக, இரண்டு இரவுகளில் வீட்டுத் தொலைக்காட்சியில் மறுபடியும் பார்க்க நேர்ந்தது. முதல் இரவில் மட்டும் "இவர் ஆரு மாமா?" என்று அவள் பதினொரு தடவை கேட்டாள். படத்தைப் பற்றி எனக்கிருந்த மனக்குறைக்கு அதைவிடச் சரியான சொற்கள் கிடைக்கவில்லை.

ரவி வர்மனின் ஒளிப்பதிவில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது நியாயமே. முதற்பாகத்தின் முடிவில், கடலுக்கடியில் நீந்திவரும் முதிய பெண்ணொருத்தியின் முகம் தெரிகிறது. அது கதையின் பழுவூர் இளையராணி நந்தினியின் முகம். ஆனால் நரைத்த கூந்தலோடு. ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. அப்போது மட்டும் மருமகள் கேள்வி கேட்காமல், "நந்தினிட முகம்தானே!" என்று தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மற்ற இடங்களில் சிற்றரசர்களும் தளபதிகளும் ஒற்றர்களும் வந்த வேகத்திலேயே மறைகிறார்கள். எங்கள் ஊர்க் கூத்தில் அப்படி ஒருவரும் களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், நுழைந்துவிட முடியாது. கட்டியகாரன் முதலில் வந்து அரசன் வருகிறான் என்று அறிவிக்க வேண்டும். பிறகு அரசன் தன் வரவுப் பாட்டோடு மத்தளத்துக்கு ஆடியாடி வட்டக்களரியைச் சுற்றி வர வேண்டும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்குத் திருப்தி வந்த பின்புதான் கதை நகரும். பின்னணித் திரையோ மாளிகையோ எதுவும் இல்லை, ஆனாலும் பாயில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் சிறுவனுக்குக்கூட வந்தவர் யார் என்பது தெரியும். சினிமாவுக்கு நேரம் போதாது என்பார்கள். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடப்படும் கூத்துகளை நவீன மேடைக்கென்று சுருக்கியபோதும் ஆட்டத்தையும் பாட்டையும் கைவிடவில்லை. இங்கோ இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம் கையில் இருந்தது.

இந்தப் படங்களுக்கு மூலமான, 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் நாவலின் ஐந்து பாகங்களையும் வாசித்தவர்கள் இந்த வரவுப் பாட்டை நினைவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா அப்படித்தான் பார்த்தார். ஒவ்வொரு முகம் வந்தபோதும் பழைய உறவினரைக் கண்டவர்போல் பெயர் சொன்னார். வாசிக்காத மருமகளுக்கு அழகான உடைகளும் குதிரைகளும்தான் மிஞ்சின.

இன்னுமொன்று, இது சற்று ஊர்ப்பற்றான குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். படத்தின் இலங்கைக் காட்சிகள் பல தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை. பச்சையும் யானையும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்டில் எங்கள் பக்கத்து வெயில் இல்லை. வாழைச்சேனை வழியாகப் பொலன்னறுவைக்குப் போனால், சோழர் ஆட்சியில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிறிய கற்கோயில் இன்றும் நிற்கிறது. அது சோழ அரசி ஒருவரின் பெயரால் அமைந்தது. பளபளப்பு ஏதுமற்ற அந்தக் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்தவனுக்குத் திரையில் மின்னும் இலங்கை அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இத்தனைக்கும் பிறகு, இரண்டாம் பாகத்தில் கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனும் அவன் ஒருகாலத்தில் காதலித்த நந்தினியும் தனித்துச் சந்திக்கும் காட்சி வந்தபோது நான் வாயடைத்துப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். மங்கிய வெளிச்சமும் இரண்டு முகங்களும் தவிர அங்கே வேறொன்றும் தேவைப்படவில்லை. அவசரமும் இல்லை; படத்திலேயே முதல் தடவையாகக் கதையும் ஒளியும் ஒரே நடையில் நடந்தன. அது முடிந்ததும் மருமகள் எழுந்து படுக்கப் போய்விட்டாள். அதற்குப் பின்னால் வந்த போர்க்களத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன்.