50 வாட்டிலிருந்து 250 வாட்டுக்கு: எங்கள் வானொலி அலைவரிசை மாறிய விதம்

டொராண்டோ பகுதியில் இயங்கும் ஒரு சிறிய பல்லின வானொலியின் நிர்வாக வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அலைவரிசையையும் பவரையும் ஒன்றாக மாற்ற விண்ணப்பித்து அனுமதி வாங்கினோம். இதே வழியில் போகப்போகும் சின்ன நிலையங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. 50 வாட்டுக்கு உட்பட்ட எஃப்.எம். நிலையங்களுக்குக் கனடாவில் பாதுகாப்பு கிடையாது. பெரிய நிலையம் ஒன்று அதே அலைவரிசையையோ பக்கத்து அலைவரிசையையோ எடுத்து, நம்மால் அதற்கு இடைஞ்சல் என்றால் நாம்தான் விலக வேண்டும். எங்களுக்கு அதுவே நடந்தது. அதற்கு முன்பே கோடைகாலங்களில் ஒன்டாரியோ ஏரியின் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் இரவுகளில் நியூயார்க் மாநில நிலையங்கள் எங்கள் ஒலிபரப்பின் மேல் ஏறிப் பேசும். பாதுகாப்பில்லாத நிலையம் அதைப் பற்றி முறையிடவும் முடியாது. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் கான்கிரீட் அடுக்குமாடிகளுக்குள் சிக்னல் நுழையாது, ஜன்னல் ஓரத்தில் வானொலியை வைத்தால்தான் கேட்கும். முன்பு தமிழ் வானொலி கேட்கத் தனிக் கருவி வாங்கி வைத்திருந்த தலைமுறை இது, அவ்வளவு சிரமப்பட்டுக் கேட்டவர்களுக்கு இரைச்சலைக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். உரிமத்தைத் திருத்துவது கனடாவில் வானொலி, தொலைக்காட்சிகளை ஒழுங்குபடுத்தும் சி.ஆர்.டி.சி. ஆணையம். தொழில்நுட்பச் சான்று தருவது முன்பு இண்டஸ்ட்ரி கனடா என்று இருந்த மத்திய அரசுத் துறை. தொழில்நுட்ப ரீதியில் ஏற்கத்தக்கது என்று துறை சொல்லாமல் ஆணையம் திருத்தம் தராது. அதனால் முதல் செலவு ஒலிபரப்புப் பொறியாளருக்குத்தான். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அவர் முதல் சந்திப்பிலேயே ஒன்றைத் தெளிவாக்கினார். 50 வாட்டை 250 ஆக்கினால் ஐந்து மடங்கு தூரம் போகாது. அலையின் மின்புல வலிமை பவரின் வர்க்கமூலத்தோடு கூடுவதால் அந்த வலிமை ஏறக்குறைய இரண்டே கால் மடங்குதான் ஆகும். அன்டெனாவின் உயரம் பல இடங்களில் பவரைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். அதனால் புதிய கோபுரம் கட்டாமல், ஏற்கெனவே உயரமாக நின்ற ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இடம் பிடித்தோம். கோபுரம் கட்டினால் அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்கும் தனி நடைமுறை வேறு இருக்கிறது. அப்புறம் மக்கள் மேல் படும் ரேடியோ அலைக் கதிர்வீச்சுக்கு வரம்பு வைக்கும் சேஃப்டி கோட் 6 என்ற மத்திய அரசு விதிப்படி ஒரு கணக்கு, விமான நிலையக் கருவிகளுக்கு இடைஞ்சல் வருமா என்ற ஆய்வு (எஃப்.எம். முடியும் 108 மெகாஹெர்ட்ஸிலேயே அவற்றின் அலைவரிசை தொடங்கிவிடுகிறது), அமெரிக்க எல்லை பக்கம் என்பதால் அந்த நாட்டுடன் ஒருங்கிணைப்பு. எல்லாத் திசையிலும் ஒரே பவர் விட முடியாது. தெற்கே இறக்கி, இன்னொரு திசையிலும் குறைத்து, ஒலிபரப்பு எட்டும் பகுதியின் வரைபடத்தில் கடித்த ஆப்பிள் மாதிரி ஒரு வடிவம் வந்தது.

ஆனால் கோப்பின் உயிர் அந்த வரைபடம் இல்லை. "எங்கள் சமூகம் கிழக்கே ஏஜாக்ஸ் நகரம் வரை பரவிவிட்டது, அங்கேயும் கேட்க வேண்டும்" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். அது வளர்ச்சி ஆசை, தேவை ஆகாது. ஆணையம் பார்ப்பது கட்டாயமான தொழில்நுட்பத் தேவையோ பொருளாதாரத் தேவையோ இருக்கிறதா, கேட்கும் மாற்றம் அதற்குப் பொருத்தமான தீர்வா, மற்ற நிலையங்களுக்கு அளவுமீறிய நட்டம் வருமா, அலைவரிசை சரியாகப் பயன்படுகிறதா, முறைப்படி போட்டியிட்டு உரிமம் பெறும் வழியை இது குலைக்குமா என்பதைத்தான். ஏற்கெனவே எந்தப் பகுதிக்குச் சேவை செய்ய உரிமம் வாங்கினோமோ, அதற்குள்ளேயே மக்களுக்கு நாம் கேட்கவில்லை என்று நிரூபிப்பதுதான் எங்கள் வாதமாக இருந்தது.

அதற்கு நேயர்கள்தான் கை கொடுத்தார்கள். எந்தத் தெரு, எந்த மாடி, எந்த நேரம் என்று குறித்து, இரைச்சலைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொன்னோம். வந்து குவிந்தன. பொறியாளர் காரில் அளவுக் கருவியோடு போய் அளந்த இடங்களும் அவற்றோடு பொருந்தின. சிக்னல் மீட்டருக்கு 3 மில்லிவோல்ட் வலிமையாவது இருக்கும் என்று கணக்கிட்டு வரைபடத்தில் போடும் எல்லைதான் முதன்மைக் கோடு; அதற்குள்ளேயே பல கட்டடங்களில் ஒன்றும் கேட்கவில்லை. விளம்பரதாரர்கள் சிலர் ஏன் விலகினோம் என்று கடிதம் தந்தார்கள். வரவு செலவுக் கணக்கை இரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கோரலாம், பொதுப் பார்வைக்கு விவரம் நீக்கிய பிரதி ஒன்றைத் தர வேண்டும்.

விண்ணப்பம் வெளியானதும் யாரும் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம், பதிலுக்கு நமக்கு 10 நாட்கள். வேறொரு நிலையம் எதிர்த்தது. சின்ன இடத்துக்கு வாங்கிய உரிமத்தை வைத்துப் பின்கதவால் வடக்கே உள்ள மார்க்கம் நகரத்தின் விளம்பரச் சந்தைக்குள் நுழைகிறோம் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. வடக்கே பவரைக் குறைத்த வடிவத்தைக் காட்டி, புதிய முதன்மைக் கோடு அந்தப் பக்கம் எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று எண்களால் பதில் எழுதினோம். வாரத்தில் குறைந்தது 60 சதவீதம் பல்லின நிகழ்ச்சி, 50 சதவீதம் ஆங்கிலம், பிரெஞ்சு, பூர்வகுடி மொழிகள் அல்லாத மொழிகளில் என்ற நிபந்தனைகளில் மாற்றம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தோம். எதிர்ப்பு வரும் என்று எண்ணிப் பதிலின் பெரும்பகுதியை முன்னதாகவே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், 10 நாட்கள் போதவே போதாது. ஆதரவுக் கடிதங்களில் ஒரே வாசகத்தை எல்லோரும் நகலெடுத்து அனுப்புவதைவிட, கேட்க முடியாத பாட்டி ஒருவர் பேத்தியிடம் சொல்லி எழுதிய நான்கு வரிக்கு எடை அதிகம்.

அனுமதி வந்த பிறகும் வேலை இருக்கிறது. சோதனை ஒலிபரப்பு நடத்த வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் மற்ற நிலையங்கள் கேட்காமல் போனால் அந்த முறைப்பாடுகளைத் தீர்ப்பது நம் பொறுப்பு. நம் சிக்னலைத் தடுக்க அந்த வீட்டு வானொலிகளில் மாட்டும் வடிகட்டிகளை முன்னதாகவே வாங்கி வைத்தோம், தொலைபேசியில் தமிழும் ஆங்கிலமும் பேசக்கூடிய ஒருவரைப் பகல் முழுக்க உட்கார வைத்தோம். பழைய அலைவரிசை எண்ணிலேயே காரில் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் அழைத்தார்கள். கோயில்களிலும் கடைகளிலும் புதிய எண்ணை ஒட்டும் வேலையை மாற்றத்துக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள்.