கார்டு காட்டியது 17, வெளியே போனது 27

தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் மாமாவுக்கு இட்லி மாவுக் கடை. வீட்டு மொட்டைமாடியிலிருந்து கடைக் கூரை வரை நேராக அளந்தால் 120 மீட்டர் இருக்கும், நடுவில் எல்லாம் தகரக் கூரைகள். விடியற்காலை கிரைண்டர் ஓடுவதை வீட்டிலிருந்தே கேமராவில் பார்க்கணும் என்று மாமாவுக்கு ஆசை. கேபிள் இழுத்தால் ஏழெட்டு வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்கணும். சரி, வயர்லெஸ்ஸில் போட்டுவிடலாம் என்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் தேடிப் பழைய மினி பிசிஐ ரேடியோ கார்டு (போர்டில் சொருகும் வயர்லெஸ் கார்டு) இரண்டு, அதற்கு ரூட்டர் போர்டு, 14 டிபிஐ (அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் திறனின் அளவு) பேனல் ஆன்டெனா இரண்டு வாங்கி வந்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் 802.11ஏ கார்டுகள், எட்டும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 54 மெகாபிட். ஒரு கேமராவுக்கு அது தாராளம்.

முதலில் ஏபி, அதாவது மறுமுனை வந்து இணையவேண்டிய வயர்லெஸ் மையம், கிளம்பவே இல்லை. லினக்ஸில் எந்த நாட்டு விதிப்படி ரேடியோ ஓடுகிறது என்று காட்டும் ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ கட்டளையை அடித்துப் பார்த்தால் நாடு 00 என்று வந்தது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாதவரை அது 5 கிகாஹெர்ட்ஸில் காது கொடுத்துக் கேட்க மட்டும்தான் விடும், தானாகப் பேச விடாது. இந்தியாவின் குறியீட்டைப் போட்டதும் கிளம்பிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. லிங்க் இருக்கிறது, ஆனால் ராத்திரி போன் வருகிறது: “ஏல, படம் அப்படியே நின்னுட்டு.” பார்த்தால் வேகம் 54-க்கு ஏறும், அடுத்த நொடி 18-க்கு விழும், மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை மட்டும் விடாமல் ஓடும். பவர் போதவில்லை என்று நினைத்தேன். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் 17 டிபிஎம் (பவரை டெசிபலில் சொல்லும் அலகு) காட்டியது, அதை 20 ஆக்கலாம் என்று 20 என்றே கொடுத்தால் ஏற்க மறுத்தது. பவரை மாற்றும் கட்டளை டிபிஎம்மை நூறால் பெருக்கிக் கேட்கிறது, 2000 என்று கொடுக்கணும். கொடுத்தேன். படம் முன்பைவிட மோசமாக நின்றது.

அன்று ராத்திரி பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டதுதான் திருப்பம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 120 மீட்டர் வெட்டவெளியைக் கடக்க சுமார் 89 டெசிபல் இழப்பு. பழையபடி 17 வைத்துப் பார்த்தால், அதோடு இரண்டு ஆன்டெனாவின் 14-ம் 14-ம் கூட்டி, கேபிளுக்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1 கழித்து, 89-ஐயும் கழித்தால் மறுமுனைக்குப் போய்ச் சேரும் சிக்னல் மைனஸ் 46 டிபிஎம் வரணும். மறுபடி 17-க்குத் திருப்பி மறுமுனையில் பார்த்தேன், மைனஸ் 36. பத்து டெசிபல் அதிகம். பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு! கார்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், ரேடியோ சிப்புக்கும் ஆன்டெனா சொருகும் குட்டி முனைக்கும் நடுவில் உலோக மூடிக்குள் இன்னொரு சிப் உட்கார்ந்திருந்தது. சிக்னலைப் பெருக்கி அனுப்பும் தனி ஆம்ப்ளிஃபையர். டிரைவருக்கு அது இருப்பதே தெரியாது, அதற்கு முந்தைய எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. 17 டிபிஎம் என்றால் 50 மில்லிவாட், வெளியே போனது 27, அதாவது 500 மில்லிவாட். நான் 20 ஆக்கியபோது கிட்டத்தட்ட ஒரு வாட்டைப் பிழிந்திருக்கிறேன்.

படம் ஏன் கெட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கார்டின் விவரத்தாளில் பவர் ஒரே எண்ணாக இருக்காது, வேகத்துக்கு ஒன்றாக இருக்கும். என் கார்டில் 24 மெகாபிட் வரை 28 டிபிஎம், 54-க்கு 24 மட்டும். வேகம் கூடக் கூட அலையின் வடிவம் நுணுக்கமாகிறது, ஆம்ப்ளிஃபையரை எல்லைக்கு மேல் தள்ளினால் அந்த நுணுக்கம் நசுங்கிப் போகிறது. ஒலிபெருக்கியை முழுக்கத் திருகினால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாதே, அதேதான்.

இன்னொன்று என்னை உறுத்தியது. இந்த 5.8 பட்டையை 2018-ல் உரிமம் இல்லாமல் வெளியிலும் பயன்படுத்த விட்டபோது ஆன்டெனாவையும் சேர்த்து 36 டிபிஎம், அதாவது 4 வாட்தான் உச்சம் என்று வைத்தார்கள். என் கணக்கு: 27, ஆன்டெனா 14, கேபிள் போக 40. அது 10 வாட்! இத்தனை நெருக்கமான இடத்தில் ஒவ்வொரு கூரையிலும் யாரோ ஒருவர் பிள்ளைகள் படிக்கவோ கடை நடத்தவோ இதே காற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது சங்கடமாக இருந்தது.

இரண்டு முனையிலும் கட்டளையில் 500, அதாவது 5 டிபிஎம், கொடுத்தேன். டிரைவர் 5 காட்டும், உண்மையில் 15. மறுமுனையில் மைனஸ் 48, வேகம் 54-லேயே நின்றது, மறு அனுப்பல் எப்போதாவது ஒன்று. மழைக்காலத்துக்கு என்று 2 டெசிபல் கூட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், 120 மீட்டரில் மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டு பெட்டிக்குள்ளும் ‘காட்டுவது 5, போவது 15, கூட்டாதே’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு உளுந்து பொங்கிவருவது வரை தெரிகிறது என்கிறார் மாமா.