நியூட்டன் நைட்டும் அவர் வீடும்

நியூட்டன் நைட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில் ஆரம்பித்து துப்பாக்கியிலேயே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மிசிசிப்பிக்குள்ளேயே இருந்துகொண்டு, அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் படையை எதிர்த்த விவசாயி என்பதுதான் அவருக்குக் கிடைத்த அடையாளம். எனக்கோ போர் முடிந்த 1865இலிருந்து 1922இல் சாகும்வரை அந்தப் பக்கத்திலேயே அவர் நடத்திய குடும்ப வாழ்க்கைதான் இன்னும் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

சரி, முதலில் ஊர். தென்கிழக்கு மிசிசிப்பியில் ஜோன்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). பைன் மரக் காடும் சதுப்பு நிலமும் நிறைந்த பகுதி. பருத்திப் பண்ணைகள் அதிகம் கிடையாது, சோளம் விதைத்து மாடும் பன்றியும் வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள்தான் அதிகம். 1860இல் அங்கே மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம்தான் அடிமைகள், மாநிலத்திலேயே அதுதான் குறைவு. ஆனால் நியூட்டனின் தாத்தா ஜான் நைட் அந்த ஊரில் அதிக அடிமைகளை வைத்திருந்தவர்களில் ஒருவர். அப்பா ஆல்பர்ட் அடிமைகளே வைத்துக்கொள்ளவில்லை. நியூட்டனும் அப்பா வழியில்தான் போனார். 1858இல் செரீனா டர்னரைக் கல்யாணம் செய்துகொண்டு பக்கத்து ஜாஸ்பர் கவுண்டியில் சொந்தக் கையால் உழுது பிழைத்தார்.

1861 ஜனவரியில் மிசிசிப்பி அமெரிக்காவிலிருந்து பிரிந்தது. பிரியக்கூடாது என்று சொல்லி ஜோன்ஸ் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி, மாநாட்டில் பிரிவினைக்கே வாக்களித்துவிட்டார். நியூட்டன் 1862இல் நண்பர்களோடு தென் மாநிலப் படையின் 7ஆவது மிசிசிப்பி காலாட்படைப் பிரிவில் இருந்தார். அந்த அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது: 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள பண்ணைகளில் ஒரு வெள்ளை ஆணுக்குப் படையிலிருந்து விலக்கு. சொந்தமாக ஒரு அடிமைகூட இல்லாதவன் கொரிந்து போர்க்களத்தில் செத்துக்கொண்டிருக்க, யாருடைய சொத்துக்காக இந்தப் போர் நடக்கிறதோ அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஊரிலோ பெண்கள் தனியாக உழுதுகொண்டிருந்தார்கள், குதிரைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நியூட்டன் படையை விட்டு வீட்டுக்கு நடந்தார். அவரை ஓடுகாலி என்று எழுதியவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தை ஒரு தடவை படித்துவிட்டு எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1863 அக்டோபரில், படையிலிருந்து ஓடிப்போனவர்களைப் பிடிக்க வந்த தென் மாநிலப் படை மேஜர் மக்லெமோர், ஜோன்ஸ் கவுண்டியின் எலிஸ்வில் ஊரில் ஒரு வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது நியூட்டன்தான் என்று ஊரே நம்பியது, வழக்கு எதுவும் நடக்கவில்லை. சில நாட்களில் படையை விட்டு வந்தவர்கள் சேர்ந்து 'நைட் கம்பெனி' என்ற ஆயுதக் குழு உருவாகி அவரைத் தலைவராக்கியது. லீஃப் ஆற்றுச் சதுப்புக்குள் ஒளிந்துகொண்டு, மாட்டுக் கொம்பு ஊதித்தான் ஒருவருக்கொருவர் தகவல் சொன்னார்கள். சோறு போட்டதும் சேதி கொண்டுவந்ததும் பெண்கள். அவர்களில் முக்கியமானவர் ரேச்சல், நைட் குடும்பத்துக்குச் சொந்தமான அடிமைப்பெண். பிடிபட்டால் மற்ற பெண்களைவிட அவருக்குத்தான் இழப்பு அதிகம், அப்படியிருந்தும் செய்தார். 1864 ஏப்ரலில் கர்னல் ராபர்ட் லோரி வேட்டைநாய்களோடு வந்து பத்துப் பேரைத் தூக்கிலிட்டார். அதே லோரி பின்னாளில் மிசிசிப்பியின் ஆளுநராகவும் ஆனார்.

போர் முடிந்ததும் நியூட்டன் சும்மா இருக்கவில்லை. பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்த்தார், விடுதலைக்கு அப்புறமும் முதலாளிகள் விடாமல் வைத்திருந்த கறுப்பினக் குழந்தைகளை மீட்டார். 1875இல் கறுப்பின வீரர்கள் மட்டுமே கொண்ட ஒரு மாநிலப் படைக்கு ஆளுநர் ஏம்ஸ் அவரைக் கர்னலாக நியமித்தார். தன் ஆட்கள் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டதற்கு ஊதியம் கேட்டு 1870இல் அவர் தொடங்கிய முயற்சி, 1900இல் நிராகரிப்பில் முடிந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். ரேச்சல் விடுதலையான பிறகு நியூட்டனின் நிலத்திலேயே குடியிருந்தார், இருவருக்கும் குழந்தைகள் பிறந்தன. செரீனாவும் அதே இடத்தில்தான், அவருக்கு ஒன்பது பிள்ளைகள். 1876இல் நியூட்டன் 160 ஏக்கர் நிலத்தை ரேச்சல் பேருக்கே எழுதிக் கொடுத்தார். மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைத் துப்பாக்கி முனையில் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது, அப்போது ஒரு கறுப்பினப் பெண் பேரில் பத்திரம்! அப்புறம் செரீனாவுக்குப் பிறந்த மகனும் மகளும் ரேச்சலின் மகளையும் மகனையும் மணந்தார்கள். மாட் ஃபேனியை, மாலி ஜெஃபை. வெள்ளை உறவினர்கள் ஒதுங்கினார்கள். செரீனாவும் கடைசியில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். நியூட்டனை வீரனாகக் கொண்டாடும்போது இந்தப் பெண்மணி பட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போரில் தனியாக வீட்டைத் தாங்கியவரும் அவர்தான், கணவன் எடுத்த முடிவோடு ஒரே வளவில் வாழ்ந்தவரும் அவர்தான். ரேச்சல் 1889இல் இறந்தார். அவரை அடக்கம் செய்த குடும்ப இடுகாட்டிலேயே நியூட்டனையும் புதைத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. 1948இல் டேவிஸ் நைட் என்ற இளைஞரை எலிஸ்வில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மாலிக்கும் ஜெஃபுக்கும் பேரன், அதாவது நியூட்டனுக்கும் ரேச்சலுக்கும் கொள்ளுப்பேரன், கடற்படையில் இருந்து வந்தவர். பார்க்க வெள்ளைக்காரர்தான். ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்தது குற்றம் என்றார்கள். எட்டில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம் இருந்தாலே அந்தத் திருமணம் செல்லாது என்று 1890 மாநில அரசியல் சட்டம் சொன்னது. ஆகவே, செத்து 59 வருடமான ரேச்சல் முழுக் கறுப்பினத்தவரா, பாதியா என்று சாட்சி விசாரித்தார்கள்! நியூட்டனின் சொந்த மகன் டாம், கிழவராகச் சாட்சிக் கூண்டேறி ரேச்சல் கறுப்பினத்தவர்தான் என்றார். ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பானது.

மறு வருடம் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எட்டில் ஒரு பங்கு இருக்கிறது என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். சட்டம் தவறு என்று அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1967 ஆனது. மிசிசிப்பி தன் அரசியல் சட்டத்திலிருந்து அந்த வரியை எடுத்தது 1987இல்.