40,000 லிட்டர் பச்சைத் தண்ணீர்: நீச்சல்குள நாட்குறிப்பு

ஜனவரி 4
கோவளம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர் கொண்ட கான்கிரீட் குளம். மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடவில்லை. இரண்டாம் படியே தெரியவில்லை. குளோரின் ஊற்ற அவசரப்படக் கூடாது. அடியில் ஊறிக் கிடக்கும் வாதாம் இலைகளே பாதியைத் தின்றுவிடும். வலை போட்டு ஐந்து கூடை சகதி அள்ளினோம்.

வடிதாளில் வடித்த நீரில் ஸ்டெபிலைசர் சோதனை, அதாவது வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவு. கலங்கிய நீரை ஊற்ற ஊற்ற, சோதனைக் குழாயடியின் கரும்புள்ளி 100 கோட்டிலேயே மறைந்துவிட்டது: 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). ஆண்டு முழுக்க டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) என்ற குளோரின் மாத்திரையே போட்டதன் பலன் இது. அது 10 பிபிஎம் குளோரின் தந்தால் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் தங்கிவிடும். பாசியைக் கொல்ல, சயனூரிக் அளவில் சுமார் 40% குளோரின் நிற்க வேண்டும். 100-க்கு 40 பிபிஎம் என்றால் கட்டுப்படியாகாது.

ஜனவரி 5
சயனூரிக்கைப் பாதியாக்கப் பாதி நீர் வெளியே. மழை முடிந்த கையோடு குளத்தை ஒட்ட இறைப்பது ஆபத்து: மேலேறிய நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளினால் தரை வெடிக்கும். கிணற்று நீர்மட்டம் குளத்தின் பாதி ஆழத்துக்கும் கீழே இருப்பதை அளந்த பிறகே பம்பைப் போட்டோம். 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு வந்தன. சயனூரிக் இப்போது 50.

ஜனவரி 6
ஆசிட் விட்டு பிஎச் 7.2-க்கு இறக்கினோம். குளோரின் ஏறிய பின் பிஎச் சோதனை பொய் சொல்லும், அதனால் இதுதான் முதலில். பம்பு ஓட, மாலையில் 10% திரவக் குளோரின் 8 லிட்டர். இந்தக் குளத்துக்கு 400 மில்லிக்கு 1 பிபிஎம், ஆக 20; சயனூரிக் 50-இன் 40% அதுதான். ஒரு மணி நேரத்தில் 6-க்கு விழுந்தது. மறுபடி 5.6 லிட்டர். ஒரே தடவை ஊற்றிவிட்டுப் போவதால்தான் பாசி திரும்பிவருகிறது. 20-ஐ இறங்கவிடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

சாதாரண கிட் இங்கே ஏமாற்றும். குளோரின் மிகுந்தால் இளஞ்சிவப்பே வெளுத்துப்போய் ‘பூஜ்யம்’ போலக் காட்டும். சொட்டுச் சோதனைதான் சரி: 10 மில்லி நீரில் சோதனைப் பொடி, சிவப்பு மறையும்வரை சோதனைத் திரவத்தின் சொட்டு, சொட்டுக்கு 0.5 பிபிஎம். 20-க்கு நாற்பது சொட்டு, பொறுமையாக எண்ண வேண்டும்.

ஜனவரி 7, 8
பச்சை போய்ச் சாம்பல் வெண்மை. செத்த பாசி. தினம் இருமுறை பிரஷ். சாண்ட் ஃபில்டர் சுத்தமாக இருக்கையில் 0.8 பார், 1.0 தொட்டதும் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) இரண்டு நிமிடம், ரின்ஸ் அரை நிமிடம். மோட்டாரை நிறுத்தாமல் மல்டிபோர்ட் (ஃபில்டரின் பலவழி வால்வு) கைப்பிடியைத் திருப்பினால் உள் கேஸ்கெட் போய்விடும், மணலும் குளத்துக்கே வரும்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமே என்று பலரும் சொல்வார்கள். வேண்டாம். தாமிரம் நீரிலேயே தங்கிச் சுவரில் கறை பிடிக்கும். டிசிசிஏ வைத்த வாளியில் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் போடாதீர்கள்; தீப்பிடிக்கும், வெடிக்கும்.

ஜனவரி 9
தண்ணீர் தெளிவு, ஆனால் இரவு 20, விடியலில் 16. வெயிலே இல்லாமல் 4 குறைந்தால் எங்கோ பாசி உயிரோடிருக்கிறது. குளத்துச் சுவர் விளக்கைக் கழற்றினோம்: வளையத்தின் பின்னால் விரல் வைத்தால் வழுக்கும் பச்சைக் கூழ். ஏணிக் குழாய், ஸ்கிம்மர் (மேல்நீரை உறிஞ்சும் வாய்) கதவின் முதுகு இரண்டிலும் அதே. மூன்றையும் தேய்த்து, குளோரினை 20-க்கு ஏற்றினோம்.

ஜனவரி 11
இரவு நாற்பது சொட்டு, விடியலில் முப்பத்தொன்பது. கூட்டுக் குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வீரியம் குறைந்த குளோரின்) 0.5. ஆழமான மூலையில் போட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் எண் தெரிகிறது. இனி ஊற்ற வேண்டாம். வெயிலில் 6-க்கு இறங்கட்டும். அதன்பின் தினமும் திரவக் குளோரின்தான். சயனூரிக் 50-ஐத் தாண்டாமலிருக்க டிசிசிஏ டப்பாவை அலமாரியில் பூட்டிவைத்தாயிற்று.