முதலில் எதைக் கேட்கச் சொல்வது?

ஜாஸ் இசையின் ஆகச்சிறந்த பதிவுகளைப் பட்டியலிட்டுத் தருமாறு நண்பர் இன்று கேட்டதும், மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஆஃப் ப்ளூ’வை (1959) யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

அடுத்த பெயரில்தான் தயக்கம்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவுசெய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’, துணைக்கருவி ஏதுமின்றி ஒற்றை டிரம்பெட் மேலேறிச் சரிந்து இறங்கும் சில நொடிகளோடு தொடங்குகிறது. இரைச்சல் படிந்த அந்தப் பழைய ஒலியைப் பொறுத்துக்கொள்ளும் புதியவர் அங்கேயே வசப்பட்டுவிடுவார், பொறுக்காதவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

வரலாற்று முக்கியத்துவம் வேறு, புதிய செவிக்கு இசைவது வேறு.

ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் நடக்கும் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’, எளிதில் பிடித்துவிடுகிறது என்பதற்காகவே அதைத் தாழ்வாகப் பார்ப்பவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ உன்னதம்தான். ஆனாலும் நான்கு பகுதிகளாக விரியும் அதை, காது சற்றுப் பழகிய பிறகு கேட்கட்டும் என்று இறுதியில் வைத்திருக்கிறேன்.