நினைவா, பார்வையா? மூளை அறிவியல் நேர்காணலில் தோற்றதும் தேறியதும்

முனைவர் பட்டச் சேர்க்கைப் பட்டியல் போன வாரம் வெளியானது. அதில் என் பெயர் இருப்பதை நான்கு முறை சரிபார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். கண்ணால் கண்டது மூளையில் எப்படி நினைவாகத் தங்குகிறது என்பதை ஆராயும் ஆய்வகத்தில் சேரப் போகிறேன். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இரண்டாம் முயற்சியிலேயே ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டது; ஓராண்டை விழுங்கியது நேர்காணல்தான். ஆகவே எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவும் நேர்காணலைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

உயிர் அறிவியல் தாளில் மூளை என்றாலே ஏழாம் அலகு என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து முதல் முறை கோட்டை விட்டேன். கற்றலும் நினைவும் 11ஆம் அலகில் இருக்கின்றன. ஒற்றை நரம்பணுப் பதிவு, மூளைப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்க்கும் முறை, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆகியவை 13இல் இருக்கின்றன. இந்த மூன்று அலகுகளையும் ஒரே நோட்டில் சேர்த்துப் படியுங்கள். சி பகுதியில் 25 கேள்விகளுக்கும் விடை எழுதியே தீர வேண்டும் என்ற வெறியை விட்டுவிடுங்கள். முதல் முயற்சியில் குருட்டாம்போக்கில் குறித்த விடைகள், தெரிந்து எழுதியவற்றின் மதிப்பெண்ணையும் கொண்டுபோய்விட்டன.

இனி நேர்காணலுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் ஐவர் கொண்ட குழுவின் முன் அமர்ந்தேன். பிடித்த சோதனை ஒன்றை விளக்கச் சொன்னார்கள். அமெரிக்க மூளை ஆய்வாளர் மோர்ட்டிமர் மிஷ்கின் 1978இல் வெளியிட்ட குரங்குச் சோதனையை மனப்பாடமாக வைத்திருந்ததால் அதையே எடுத்தேன். குரங்கின் முன் ஒரு பொருளை வைப்பார்கள். அதை நகர்த்தினால் அடியில் உள்ள குழியில் தீனி இருக்கும். சிறிது நேரம் திரை மறைக்கும். பிறகு பழைய பொருளும் புதிய பொருளும் அருகருகே வரும். இம்முறை புதியதன் அடியில்தான் தீனி. மூளையின் உட்பகுதியில் அடுத்தடுத்து இருக்கும் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் அகற்றிய குரங்குகள் பெரிதாகத் தடுமாறவில்லை. இரண்டையும் இழந்தவை கடுமையாகத் தடுமாறின. இதை ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தேன்.

குழுவில் இருந்த மூத்த பேராசிரியை ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: “குரங்கு தவறான பொருளைத் தொட்டால், அது மறந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பொருளைச் சரியாகப் பார்க்க முடியாமலும் போயிருக்கலாம் அல்லவா?”

நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. “ஹிப்போகாம்பஸ் நினைவுக்கான பகுதி என்பதால், மேடம்” என்றேன். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே சான்றாகக் காட்டியிருக்கிறேன். விடை அந்தச் சோதனைக்குள்ளேயே இருந்தது. இரண்டையும் இழந்த குரங்குகள், இடைவெளி சில வினாடிகளாக இருந்தபோது நன்றாகவே தேர்ந்தெடுத்தன; இடைவெளி நிமிடக் கணக்கில் நீண்டபோதுதான் சரிந்தன. பார்வையில் பழுதிருந்தால் குறுகிய இடைவெளியிலும் தவறியிருக்கும். அந்த வரைபடத்தை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன், படித்ததில்லை.

அடுத்து, அந்த முடிவு பின்னாளில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இன்றும் அப்படியே நிற்கிறது என்று துணிந்து சொன்னேன். போதாக்குறைக்கு, மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போன எச்.எம். என்னும் நோயாளியை ஆராய்ந்த பிரெண்டா மில்னரையும், 1992இல் குடேலுடன் சேர்ந்து செயலுக்கான பார்வைப் பாதை பற்றி எழுதிய டேவிட் மில்னரையும் ஒருவராக்கிவிட்டேன். (எலி தன் மூளைக்குத் தானே மின்தூண்டல் கொடுத்துக்கொள்ளும் 1954ஆம் ஆண்டுச் சோதனையில் ஓல்ட்ஸுடன் வரும் பீட்டர் மில்னர் மூன்றாமவர், அப்போது பிரெண்டாவின் கணவர். எழுதி ஒட்டி வையுங்கள்.)

தோற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பாடநூல்களை மூடிவிட்டு மிஷ்கின் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை மட்டும் வரிசையாகப் படித்ததுதான். மாக்கில் பல்கலைக்கழகத்தில் 1951இல் முனைவர் பட்டம் பெற்று, 1955 முதல் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, 2021இல் மறைந்தவர் அவர். முதலில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி பார்வை பற்றியது: கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் பெறும் மூளை மேலடுக்கான முதன்மைப் பார்வைப் புறணியைத் தொடாமல், மூளையின் பக்கவாட்டில் உள்ள டெம்போரல் மடலின் கீழ்ப்பகுதியை அகற்றினால், குரங்கு வடிவங்களை வேறுபடுத்தக் கற்பதில் ஏன் தடுமாறுகிறது? ஒரு பக்கத்தில் பார்வைப் புறணியையும் மறுபக்கத்தில் டெம்போரல் பகுதியையும் அகற்றி, இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புப் பாலத்தையும் வெட்டி, முன்னது பின்னதற்குச் செய்தி அனுப்புகிறது என்பதை 1966இல் காட்டினார். அந்தப் பாதையைத் தொடர்ந்து போனதில்தான் 1982இல் லெஸ்லி அங்கர்லைடருடன் எழுதிய கட்டுரை வந்தது; பொருள் இன்னதென்று அறியும் கீழ்ப்பாதை, அது எங்கிருக்கிறது என்று அறியும் மேற்பாதை என்று நாம் மனப்பாடம் செய்யும் பிரிவு அதில் உள்ளதுதான். கீழ்ப்பாதையின் முனைக்கு அப்பால் நினைவின் பகுதிகள் தொடங்குகின்றன. பார்வையை ஆராய்ந்தவர் நினைவுக்குப் போனது தடம் மாறியதால் அல்ல, பாதையே அங்கே கொண்டுபோய் விட்டது என்பது வரிசையாகப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

என்னைக் கட்டிப்போட்டது அதற்குப் பிந்தைய பகுதி. 1978இல் அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸையும் அகற்றிய அறுவை, அவற்றை ஒட்டியிருக்கும் ரைனல் புறணியையும் சிதைத்திருந்தது. இந்தப் புறணி சேதமானாலே பொருளை அடையாளம் காணும் நினைவு கெடுகிறது என்று அவரும் உடனிருந்தவர்களும் 1993இல் வெளியிட்டார்கள். 1998இல் எலிசபெத் மரேயும் அவரும், கத்திக்குப் பதிலாக நரம்பணுக்களை மட்டும் கொல்லும் நச்சைச் செலுத்தி, அதே இரண்டு பகுதிகளையும் சேதப்படுத்தினார்கள். அடையாள நினைவு கெடவில்லை. 20 ஆண்டுகள் கழித்துத் தம் புகழ்பெற்ற முடிவைத் தாமே திருத்தியவரின் கட்டுரையைத்தான் நான் “இன்றும் அப்படியே நிற்கிறது” என்று ஒப்பித்திருக்கிறேன்.

ஆகவே என் அறிவுரை ஒருதலைப்பட்சமானது. நூறு பேரின் முடிவுகளைப் படிப்பதைவிட, ஒருவரின் நாற்பது ஆண்டுகளைப் படியுங்கள். குழுவாகப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்குக் குழுவே ஒத்துவராது.

நான் கடைப்பிடித்தவை:

- ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம். படத்தைக் கையால் வரைய வேண்டும். அச்செடுத்து ஒட்டினால் மனதில் ஏறாது.
- முடிவை எழுதுமுன் “வேறு எதனால் இப்படி நடந்திருக்கலாம்?” என்ற கேள்விக்கு இரண்டு விடைகள்.
- பக்கத்தின் அடியில் பின்னர் அதைத் திருத்தியவர் யார், எப்போது.
- பார்வைப் புறணியின் நரம்பணுக்களை ஆராய்ந்த ஹூபலும் வீசலும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர்களைச் சொன்னால் கேள்வி ஆழமாகப் போகும், எச்சரிக்கை.
- பயிற்சி மையக் குறிப்புகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்தேன். அக்கா மகளுக்கு ஐந்து வயது. சமையலறையில் இருந்த மூடி, சாவி, சோப்பு டப்பா ஆகியவற்றை வைத்து, அடியில் கடலை மிட்டாய்த் துண்டை மறைத்து, அந்தக் குரங்குச் சோதனையை அவளிடம் நடத்திப் பார்த்தேன். புதியதை எடுக்க வேண்டும் என்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் சிவப்பு மூடி வரும்போதெல்லாம், அது பழையதாக இருந்தாலும், அதையே எடுத்தாள். மறதியா என்று கேட்டால் இல்லை; அவளுக்குச் சிவப்பு பிடிக்கும். மிஷ்கின் ஒவ்வொரு முறையும் குரங்கு முன்பு காணாத புதுப் பொருள்களை ஏன் பயன்படுத்தினார் என்பது எனக்கு அந்தச் சமையலறைத் தரையில்தான் விளங்கியது.

இந்த ஆண்டு வேறோர் இடத்தில் நேர்காணல். வேண்டுமென்றே அதே சோதனையைச் சொன்னேன். பழையதைத் தேர்ந்தெடுக்க வைக்காமல் புதியதைத் தேர்ந்தெடுக்க வைத்தது ஏன் என்று கேட்டார்கள். குரங்குக்கு இயல்பாகவே புதியதன்மேல் நாட்டம் உண்டு, அதனால் விதியை விரைவில் கற்கும் என்று சொல்லிவிட்டு, சிவப்பு மூடிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், மொத்தம் எத்தனை முறை செய்தீர்கள் என்றார். இருபத்தாறு என்றேன். போதாது என்றார். “தெரியும் சார், மிட்டாய் தீர்ந்துவிட்டது” என்றேன்.